தரிப்பிடம் இல்லாதவனுக்குக் கார் இல்லை

டோக்கியோவின் குடியிருப்புப் பகுதிகளில் நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒன்று உறைக்கும். வீதியோரத்தில் கார் நிற்காது. வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன, மின்கம்பிகள் தலைக்கு மேலே தாறுமாறாக ஓடுகின்றன, ஆனால் வீதி மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. கார்கள் எல்லாம் வீட்டோடு ஒட்டி, அதற்கென்றே அளந்து விட்ட இடங்களில், முகம் வீதியைப் பார்க்கப் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தப்பட்டிருக்கின்றன. பக்கக் கண்ணாடிகள் மடக்கியிருக்கும். மதிலுக்கும் கதவுக்கும் இடையில் ஒரு கையை நுழைக்கலாம், உடம்பை நுழைக்க முடியாது.

காரணம் 1962இல் கொண்டுவந்த ஒரு சட்டம். ஜப்பானில் கார் வாங்குகிறவர் முதலில் அதை நிறுத்த இடம் இருக்கிறதென்று நிரூபிக்க வேண்டும். அந்த இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும். இடத்தின் படம், நீள அகலம், வாடகை இடமென்றால் உரிமையாளரின் சம்மதம் எல்லாவற்றையும் பொலிஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் சரிபார்த்துத் தரும் சான்றிதழுக்கு ‘ஷாகோ ஷோமெய்’ என்று பெயர். அது கையில் இல்லாமல் சாதாரண காரைப் பதிவு செய்ய முடியாது. இரவில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இடத்தில் வீதியில் விட்டுவைப்பதும் குற்றம்.

இலங்கையில் ரீகண்டிஷன் கார், அதாவது ஜப்பானில் ஓடி இறக்குமதியான கார், வாங்கியவர்களுக்கு இந்தச் சட்டத்தோடு தெரியாமலே ஒரு பழக்கம் உண்டு. பின் கண்ணாடியில் ஜப்பானிய எழுத்தோடு ஒரு வட்ட ஸ்டிக்கர் இருக்குமே, அது இந்தத் தரிப்பிடத்துக்கான அடையாளம். 2025 ஏப்ரலில் ஸ்டிக்கரை நிறுத்திவிட்டார்கள், சான்றிதழ் அப்படியே தொடர்கிறது. நம் ஊரில் பலர் அதைக் கழற்றாமலே வைத்திருப்பார்கள், கழற்றினால் ‘ஒரிஜினல்’ போய்விடும் என்று. கார் ஸ்டார்ட் ஆனதும் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ அறிவிப்பதும் அப்படித்தான். அதிவேகப் பாதையில் கட்டணம் கழிக்கும் ஈடிசி கார்டு செருகப்படவில்லை என்பதுதான் அந்த அறிவிப்பு. நான் சிறுவயதிலிருந்து கேட்ட குரல் அது. எங்கள் வவுனியா வீட்டில் அப்பா ஹயருக்கு ஓடிய டொல்பின் வானின் கதவில் ஜப்பானிய எழுத்தில் ஒரு கடையின் பெயர் பூசியிருந்தது. அப்பா கடைசிவரை அதை அழிக்கவில்லை. அந்தக் கடை எந்த ஊரில் இருந்திருக்கும், அதில் என்ன ஏற்றியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு பின்சீட்டில் இருந்த காலத்திலேயே ஜப்பானுக்குப் போகும் ஆசை தொடங்கிவிட்டது.

ஆகவே என் பயணத்தில் முதலில் பார்க்க விரும்பியது ஷிபுயாவின் சந்தியும் அல்ல, பூஜி மலையும் அல்ல. நம் கார்கள் புறப்படும் வாசலைப் பார்க்க வேண்டும்.

சிபா மாகாணத்தில் நோடா என்றொரு ஊர். யூஎஸ்எஸ் டோக்கியோ என்ற பழைய கார் ஏலம் அங்கேதான் வியாழக்கிழமைகளில் நடக்கிறது. ஒரே நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஏலத்துக்கு வருவது அங்கே வழக்கம். வாகன ஏற்றுமதியில் வேலை செய்யும் என் நண்பன் கூட்டிக்கொண்டு போனான். உறுப்பினரோடு போனால்தான் உள்ளே விடுவார்கள். முதலில் மைதானத்தில் இறங்கி நடந்தோம். வரிசை வரிசையாக ப்ரியஸ், அக்குவா, வெசல், அல்பார்ட். ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் ஒரு எண். நண்பன் கையில் ஏலத்தாள்களின் கட்டு.

அந்தத் தாளை நான் முன்பே கொழும்பில் பார்த்திருக்கிறேன், ஆனால் காரின் பக்கத்தில் நின்று வாசிப்பது வேறு அனுபவம். தாளின் மூலையில் காரின் உருவம் மேலிருந்து பார்த்ததுபோல் விரித்து வரைந்திருக்கும். அதில் எங்கே கீறலோ அங்கே ஏ, எங்கே நெளிவோ அங்கே யூ, பழுது பார்த்துப் பெயின்ட் அடித்த இடத்தில் டபிள்யூ, பகுதியையே மாற்றியிருந்தால் எக்ஸ்எக்ஸ். பக்கத்தில் 1, 2, 3 என்று அளவு. ‘ஏ1’ என்று குறித்திருந்த ஒரு வெள்ளை வேகன் ஆரின் பின்கதவைக் குனிந்து தேடினேன். வெயிலுக்கு எதிரே சாய்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நகத்தால் இழுத்த அளவில் ஒரு கோடு. அதைப் பார்த்து, எழுதி, பக்கத்தில் மதிப்பும் போட்ட ஒரு பரிசோதகர் இருந்திருக்கிறார். தன் சொந்தக் காரும் இல்லை, இனி அதைக் காணப்போவதும் இல்லை. அந்தக் கவனத்தின் மேல்தான் வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் காரைக் கண்ணால் காணாமலே காசு கட்டுகிறார்.

ஏல மண்டபத்தில் சத்தமே இல்லை. ஆளாளுக்கு மேசை, திரை, கையில் ஒரு பொத்தான். விலை திரையில் ஏறுகிறது. சில விநாடிகளில் ஒரு கார் முடிந்து அடுத்தது வருகிறது.

ஏன் இவ்வளவு நல்ல கார்களைக் கைவிடுகிறார்கள்? நம் ஊரில் இதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். உண்மையான காரணம் கணக்குத்தான். புதிய கார் மூன்றாம் ஆண்டில் ‘ஷாகென்’ என்ற கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும், அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. பரிசோதனை, எடை வரி, கட்டாயக் காப்புறுதி, மாற்ற வேண்டிய பாகங்கள் எல்லாம் சேர்ந்தால் ஒரு லட்சம் யென்னைத் தொடும். ஷாகென் நெருங்கும்போது பலர் காரையே மாற்றிவிடுகிறார்கள். பெற்றோல் கார் முதல் பதிவிலிருந்து 13 ஆண்டைத் தாண்டினால் ஆண்டு வரியும் 15 சதவீதமளவில் கூடுகிறது, எடை வரியும் கூடுகிறது. புதிதை வாங்கு, பழையதை விடு என்று அரசே கையைப் பிடித்துச் சொல்கிறது. விடுபட்டவை கப்பல் ஏறுகின்றன. கென்யா எட்டு வயதுவரை எடுக்கிறது. நமக்கு இப்போது மூன்று வயதுக்கு மேற்பட்ட கார் வர முடியாது. 2020இல் இலங்கை இறக்குமதியை மூடி 2025 தொடக்கத்தில் மறுபடி திறந்தபோது நோடா போன்ற இடங்களில் அது உடனே தெரிந்தது என்றான் நண்பன். “எங்கட ஆக்கள் திரும்ப வந்திட்டினம் எண்டு விலையைப் பாத்தாலே விளங்கும், மச்சான்.”

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் டைகோகுவுக்குப் போனேன். அதனால்தான் அங்கே கண்டது எனக்கு வேறாகத் தெரிந்தது.

டைகோகு என்பது யோகஹாமா துறைமுகத்தில் கடலை நிரப்பி எடுத்த தீவில் உள்ள ஒரு ஓய்விடம். மேலே அதிவேகப் பாதைகள் வட்ட வட்டமாகச் சுற்றி ஒன்றோடொன்று இணைகின்றன, அந்த வட்டங்களின் நடுவே, கீழே, வாகனம் நிறுத்தும் மைதானம். நடந்து போக வழியில்லை, ரயிலும் இல்லை. அதிவேகப் பாதையில் கட்டணம் கட்டி வருகிற வாகனம்தான் உள்ளே நுழையும். கார் ரசிகர்கள் கூடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. வருகிற எல்லாரும் எதையாவது ஓட்டிக்கொண்டுதானே வர வேண்டும்.

நான் வாடகைக் கார் எடுத்திருந்தேன். ஜப்பானில் வாடகைக் காரின் இலக்கத் தகட்டில் ‘வ’ ஒலியுள்ள எழுத்து இருக்கும், ஆகவே எல்லாருக்கும் தெரியும் நீங்கள் விருந்தாளி என்று. சிபாவிலிருந்து கடலோரமாகப் போகும் வங்கான் பாதையில் ஏறி, ஹனேடா விமான நிலையத்தின் அடியில் சுரங்கத்தில் புகுந்து, வெளியே வந்து, சுருமி சுபாசா பாலத்தில் ஏறும்போது விடிந்துகொண்டிருந்தது. பாலத்தின் கம்பிகள் நடுவில் விசிறியாக விரிகின்றன. இறங்கினால் டைகோகு. இடப்பக்கமாக ஒதுங்கி, வளைந்து வளைந்து கீழே போக வேண்டும்.

சனி இரவுகளில் அங்கே கூட்டம் பெரிது. வெளிநாட்டவர்களை ஏற்றிக்கொண்டு வரும் சுற்றுலாக் கார்களும் இப்போது நிறைய. கூட்டம் அளவுக்கு மீறினால் பொலிஸார் ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லாரையும் கிளப்பி வாசலை மூடிவிடுவார்கள். இயந்திரத்தை உறுமவிட்டுக் காட்டுகிறவர்களால்தான் இந்த மூடல்கள் கூடின என்று பழைய ஆட்களுக்குக் கோபம், அந்தக் கோபம் நியாயம் என்றே எனக்கும் படுகிறது. ஞாயிறு காலை வேறு உலகம். வயதானவர்களின் நேரம் அது. டின் கோப்பியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு மெல்ல நடப்பார்கள். அடுத்தவர் காரைத் தொடமாட்டார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார்கள்.

முதலில் நின்றது வெள்ளி நிற நிசான் ஹகோசுகா ஸ்கைலைன், முன் மட்கார்டின் மேல் கண்ணாடி வைத்த பழைய வடிவம். 1969இல் ஜிடி-ஆர் என்ற பெயர் இந்த உடம்பில்தான் பிறந்தது, இரண்டு லீற்றர், ஆறு சிலிண்டர், 24 வால்வு, 160 குதிரைவலு. அதற்கப்பால் மூன்று சின்னக் கார்கள் சேர்ந்து நின்றன: ஹொண்டா பீட், சுசுகி கப்புச்சினோ, கதவு மேலே திறக்கும் ஆட்டோசாம் ஏஇசட்-1. 1991, 92 ஆண்டுகளில் வந்தவை. மூன்றும் 660 சிசி, மூன்றும் 64 குதிரைவலு, ஏனென்றால் கெய் என்ற சிறுரகக் கார்களுக்கு அதற்கு மேல் போவதில்லை என்று தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் வைத்த எல்லை அது. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு ஒரு நிறுவனம் இயந்திரத்தை நடுவில் வைத்தது, இன்னொன்று கூரையைத் துண்டு துண்டாகக் கழற்றும்படி செய்தது, மூன்றாவது கதவுக்குச் சிறகு கட்டியது. பெரிய கார்களில் காட்டாத துணிச்சலை ஜப்பானியப் பொறியியலாளர்கள் இந்தச் சின்ன உடம்புகளில் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் என்னை நீண்டநேரம் நிறுத்தி வைத்தது ஒரு ஆர்32, அதே ஜிடி-ஆரின் பிந்திய தலைமுறை. கருஞ்சாம்பல் நிறம், கம்பெனிச் சில்லுகள், ஒரு ஸ்டிக்கரும் இல்லை. உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். நண்பன் வணங்கிப் பேச்சைத் தொடங்கினான், நான் இலங்கையிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னதும் அவர் பொனற்றைத் திறந்தார். உள்ளே ஆர்பி26 இயந்திரம், 2.6 லீற்றர், இரட்டை டர்போ. 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் போட்டியில் ஓடிய 29 பந்தயத்தையும் வென்ற இயந்திரம் இதுதான். தாளில் 280 குதிரைவலு, ஏனென்றால் அங்கேயும் தயாரிப்பாளர்களுக்குள் ஒரு ஒப்பந்தம். 2004 வரை எந்த ஜப்பானியக் காரும் உள்நாட்டில் அதற்கு மேல் அறிவிக்கவில்லை.

நான் பார்த்தது வேறொன்றை. இயந்திர அறையின் ஓரத்தில் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள், டைமிங் பெல்ட் மாற்றிய திகதி, அப்போதைய கிலோமீற்றர், கையெழுத்தில். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் எண்ணெய் மாற்றிய ஸ்டிக்கர்கள், பழையதைக் கழற்றாமல் பக்கத்தில் புதியது. நம் ஊரில் ரீகண்டிஷன் கார் பார்க்கப் போகிறவர் முதலில் தேடுவது இந்த ஸ்டிக்கரைத்தான், மீற்றரைக் குறைத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க. ஒரே காகிதம், அங்கே அது நாட்குறிப்பு, இங்கே அது சாட்சி.

அவர் காரைப் புதிதாக வாங்கியவர். அடுக்குமாடியில் இருக்கிறார், தரிப்பிடத்துக்கு மட்டும் மாதம் முப்பதாயிரம் யென்னுக்கு மேல் கொடுக்கிறார். வேலைக்கு ரயிலில் போனார், ஓய்வுபெறும்வரை. கடைக்கு மனைவியின் சின்னக் கார் போதும். இந்தக் காருக்கு வாழ்க்கையில் ஒரு வேலையும் இல்லை. கூடிய வரி, இரண்டாண்டுக்கொருமுறை ஷாகென், கிடைக்காத பாகங்கள். அமெரிக்காவில் 25 வயதான கார்களை இறக்கலாம் என்பதால் ஆர்32களைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் பெரிய விலை சொல்கிறார்கள், அவரிடமும் கேட்டிருக்கிறார்கள். ஏன் விற்கவில்லை என்று நண்பன் கேட்டபோது அவர் சிரித்து, விற்றால் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்றார்.

அங்கேதான் எனக்கு ஜப்பானின் கார்ப் பைத்தியம் பிடிபட்டது. எட்டுக் கோடி வாகனமளவில் ஓடும் நாடு என்பதோ, டொயோட்டாவும் ஹொண்டாவும் பிறந்த மண் என்பதோ அதற்குக் காரணம் இல்லை. டோக்கியோவில் காருக்குத் தேவையே கிடையாது. ரயில் நிமிடத்துக்கு நிமிடம் வருகிறது. சட்டம், வரி, இடம், எல்லாமே வைத்திராதே என்று தள்ளுகின்றன. அவ்வளவையும் மீறி ஒருவர் முப்பது ஆண்டு ஒரு காரை வைத்திருந்தால் அதற்கு ஒரே பெயர்தான் உண்டு. டைகோகுவில் நின்ற ஒவ்வொரு பழைய காரும் நோடாவுக்குப் போயிருக்க வேண்டிய கார். யாரோ ஒருவர் போகவிடவில்லை.

திரும்பும்போது டோக்கியோ நகரின் நடுவே சுற்றும் சி1 பாதையில் ஒரு வட்டம் வந்தோம். 14.8 கிலோமீற்றர். 1964 ஒலிம்பிக்கை முன்வைத்து அவசரமாகக் கட்டத் தொடங்கியது. காணி எடுக்க நேரமில்லாததால் கால்வாய்களின் மேலும் ஆறுகளின் மேலும் தூண் நட்டார்கள், சில இடங்களில் கால்வாயை வற்றவைத்து அடியிலேயே பாதை போட்டார்கள். சுகிஜி ஆறு இருந்த பகுதியில் ஓட்டும்போது இருபக்கமும் பழைய கரைச் சுவர், தலைக்கு மேலே ஊரின் பாலங்கள், பாலங்களின் தூண் ஓடுபாதைகளின் நடுவில் வந்து நிற்கிறது. வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர்தான், அந்தத் தூண்களைப் பார்த்தால் அதுவே அதிகம் என்று தோன்றும். நிஹொன்பாஷியில் 1911இல் கட்டிய கல்பாலத்தின் மேல் இதே பாதை 1963இலிருந்து கவிந்து கிடக்கிறது. நாட்டின் வீதித் தூரங்களை அளக்கத் தொடங்கும் புள்ளி அந்தப் பாலம். அதற்கு வானத்தைத் திருப்பிக் கொடுக்க இப்போது பாதையை நிலத்தடிக்குக் கொண்டுபோகும் வேலை நடக்கிறது. கார் ரசிகனாக இருந்தும் எனக்கு அது சரியான வேலை என்றே படுகிறது.

நகர ஓட்டத்தின் பண்பாட்டைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஒருவரை உள்ளே விட்டால் அவர் ஹசார்ட் விளக்கை இரண்டு தரம் மின்னவைத்து நன்றி சொல்வார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது எதிரே இருப்பவருக்குக் கூசாமல் இருக்க ஹெட்லைற்றை அணைக்கிறவர்கள் இன்னும் உண்டு. “இஞ்ச ஒருத்தரும் ஹோர்ன் அடிக்கமாட்டினம், மச்சான்” என்று நண்பன் முதல் நாளே சொல்லிவைத்தான்.

நகரத்தை விட்டு வெளியே போனால் காட்சி மாறும். கெய் கார்களின் மஞ்சள் தகடு பெருகும். கெய் கார்களுக்கு நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், இயந்திரம் 660 சிசி, இதுதான் வரம்பு. வரி குறைவு. பல கிராமப்புறங்களில் தரிப்பிடச் சான்றிதழும் கேட்பதில்லை. ரயில் வராத ஊரில் கிழவர் கிழவியின் கால் இதுதான். வயலோரத்தில் வெள்ளை கெய் லொறி, பின்னால் உழவு இயந்திரம் ஏற்றும் பலகை, கதவில் சேறு. ஜப்பானிலிருந்து வந்து நம் வீதிகளில் ஓடும் வேகன் ஆரும் அல்ட்டோவும் இந்த வரம்புக்குள் அங்குலம் அங்குலமாகச் செதுக்கப்பட்டவை. கதவு ஏன் அவ்வளவு நிமிர்ந்து நிற்கிறது, முன்மூக்கு ஏன் அவ்வளவு குட்டை என்று கேட்டால் பதில் அந்த 3.4 மீற்றரில் இருக்கிறது.

நகோயாவில் டொயோட்டாவின் பழைய நெசவு ஆலையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். காரைப் பார்க்கப் போகிறவர் முதலில் தறிகளைக் கடந்துதான் போக வேண்டும். சகிச்சி டொயோடா 1924இல் முடித்த ஜி வகைத் தானியங்கித் தறி அங்கே இன்றும் ஓடுகிறது. பணியாளர் ஒருவர் ஒரு நூலை விரலால் அறுத்தார். தறி அந்த இடத்திலேயே நின்றது. பிழையான துணியை ஒரு முழம்கூட நெய்யாமல் தானாக நிற்கும் தறி. அந்தக் காப்புரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கியது. மகன் கீச்சிரோ தறிக் கம்பெனிக்குள் 1933இல் கார்ப் பிரிவைத் தொடங்கினார், 1937இல் அது தனி நிறுவனமாயிற்று. பிழை கண்டால் நிறுத்து என்ற அந்த ஒழுங்கு பிறகு கார்த் தொழிற்சாலைக்குள்ளும் வந்தது. தொழிலாளி கயிற்றை இழுத்தால் வரிசையே நிற்கும். சுசுகியும் தறியிலிருந்து வந்ததுதான், 1909இல் ஹமமட்சுவில் மிச்சியோ சுசுகி தொடங்கிய தறிப் பட்டறை. இலங்கை வீதியில் அடிக்கடி காணும் இந்த இரண்டு கார்ப் பெயர்களும் நூலிலிருந்து வந்தவை. நோடாவில் அந்த நகக்கீறலைக் கண்டுபிடித்த கண்ணுக்கும் அறுந்த நூலில் நிற்கும் தறிக்கும் உறவு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: இலங்கையும் ஜப்பானும் 1949 ஜெனீவா உடன்படிக்கையில் இருப்பதால் நம் சர்வதேச சாரதி அனுமதிப் பத்திரம் அங்கே செல்லும், கொழும்பில் ஓட்டோமொபைல் அசோசியேஷன் தருகிறது. அசல் லைசன்சையும் கையோடு கொண்டுபோங்கள். வாடகைக் கார் எடுக்கும்போது ஈடிசி கார்டையும் சேர்த்துக் கேளுங்கள், அது இல்லாமல் நுழைய முடியாத வாசல்கள் கூடிக்கொண்டே வருகின்றன. டைகோகுவுக்கு ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன். யாருடைய காரையும் தொட வேண்டாம், படம் எடுக்குமுன் உரிமையாளரைப் பார்த்துத் தலையசையுங்கள், பொனற்றைத் திறந்தே காட்டுவார்கள். நோடா ஏலத்தைப் பார்க்க விரும்பினால் உறுப்பினர் ஒருவரை முன்கூட்டியே பிடித்து, வியாழக்கிழமையை அதற்கென்று முழுதாக ஒதுக்கிவையுங்கள்.